வாய் திறக்காத கொழிஞ்சி விதை

அந்தக் காலத்தில் விதைகளுக்குக் காது கேட்கும். கூப்பிட்டால் முளைத்துவிடும். அதிலும் கொழிஞ்சி, இரண்டாவது முறை கூப்பிட வைக்காது.

பாறைக் கரட்டின் அடிவாரத்தில் ஒச்சம்மாவுக்கு ஒரு வயல் இருந்தது. அதில் நின்ற நெல்லுக்கு எந்நேரமும் குறைதான்.

“பசிக்குது.”

“போன மாசந்தானே எருப் போட்டேன்?”

“அது போன மாசம்.”

ஒச்சம்மா தலையில் அடித்துக்கொண்டு கரட்டுக்குப் போவாள். “ஏ கொழிஞ்சி, வா” என்பாள். சரளை மண்ணில் கிடந்த விதைகளெல்லாம் முளைத்து வளர்ந்து ஊதாப் பூ வைக்கும். பூத்ததும் அறுத்து வந்து வயல் சேற்றில் போட்டு மிதிப்பாள். அது அழுகி மண்ணோடு மண்ணானால் நெல் கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டிருக்கும்.

“ஆத்தா, ஒரு தடவையாவது காய்க்க விடு” என்று கொழிஞ்சி ஒவ்வொரு வருஷமும் கேட்டது.

“காய்ச்சா தண்டு கட்டையாயிரும். சேத்துல மசியாது. அடுத்த வருஷம் பாப்போம்.”

“போன வருஷமும் இதையேதான் சொன்னே.”

“போன வருஷமும் நெல்லு இப்படித்தான் உசுர வாங்குச்சு.”

கரட்டில் கொழிஞ்சி குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் பாறை இடுக்கில் ஒரே ஒரு செடி மிஞ்சியது. அவள் கண்ணில் படாமல் நின்றதால் அதில் காய் பிடித்திருந்தது. நெல் மஞ்சளடித்துப்போய் ஒச்சம்மா தேடிக்கொண்டு வந்தபோது, நெற்றுகள் பழுப்பேறிக்கொண்டிருந்தன.

“ஆத்தா, நான்தான் கடைசி. இந்த நெத்து வெடிக்கிற வரைக்கும் பொறு. அப்புறம் என்ன வேணா பண்ணிக்கோ.”

“நான் பொறுப்பேன். அந்த நெல்லு மகராசி பொறுப்பாளா? வயலுக்கு வந்து நீயே அவகிட்டச் சொல்லு.”

ஒச்சம்மா செடியைப் பிடித்து இழுத்தாள். வேர் ஆழத்தில் இறங்கியிருந்தது. இரண்டு கையாலும் இழுத்து மல்லாந்து விழுந்ததுதான் மிச்சம். முனகிக்கொண்டே அரிவாள் எடுக்கப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் கொழிஞ்சி தன் விதைகளிடம் சொன்னது: “தோலை இறுக்கிக்கோங்க. இனி யார் கூப்பிட்டாலும் திறக்காதீங்க. மழையே வந்து கூப்பிட்டாலும் சரி.”

“எதுவரைக்கும்?” என்றது ஒரு விதை.

“நம்மளைக் காய்க்க விடுற வரைக்கும்.”

அரிவாள் பட்டதும் நெற்றுகள் முறுக்கிக்கொண்டு வெடித்தன. விதைகள் சரளையில் சிதறின. ஒச்சம்மா கையில் தண்டு மட்டும் இருந்தது. அதைச் சேற்றில் மிதித்தபோது, “என்ன இது, விறகா?” என்றது நெல்.

அடுத்த மழைக்கு ஒச்சம்மா கரட்டில் நின்று கூப்பிட்டாள். தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள். ஒன்றும் முளைக்கவில்லை.

“கொஞ்சம் மரியாதையாக் கூப்பிட்டுப் பாரு” என்றான் அவள் புருஷன் சடையாண்டி.

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்க.”

விதைகளைத் தேடிப் பொறுக்கி வந்து தண்ணீரில் ஊறவைத்தாள். ஒன்றுகூட உப்பவில்லை. அந்த வருஷம் வயலில் விளைந்ததெல்லாம் பதர். வீட்டில் கூழுக்கும் வழியில்லை. ஆத்திரத்தில், முற்றத்தில் கொட்டிவிட்டிருந்த விதைகளை மணலோடு அள்ளி உரலில் போட்டு உலக்கையால் குத்தினாள். மணல் உரசி ஒரு விதையின் தோல் கீறியது. கீறல் வழியாகக் குரல் வந்தது.

“என்ன வேணும்?”

“வந்து தொலையேன்டி!”

“காய்க்க விடுவியா?”

உலக்கை நின்றது. ஒச்சம்மா வெறும் வயலைப் பார்த்தாள்.

“வயல்ல விதைக்கிறேன். வரப்போரம் முளைக்கிறதை அறுக்க மாட்டேன்.”

“அடுத்த வருஷமா?”

“இந்த வருஷமே. போதுமா?”

விதை கொஞ்சம் யோசித்துவிட்டுத் திறந்தது.

அன்று முதல்தான் கொழிஞ்சி விதையை மணலோடு குத்தி விதைக்கிறார்கள். வரப்போரத்துச் செடிகளை நெற்றுக்கு விடுகிறார்கள். எவ்வளவு குத்தினாலும் சில விதைகள் அந்த வருஷம் முளைப்பதில்லை. சொன்னபடி வரப்போரம் விட்டார்களா என்று பார்த்துவிட்டு, அடுத்த வருஷம் வருகின்றன.