குதிர வாய்க்குள்ள சாவி

ஒரு ஊர்ல ஒரு அதிமேதாவி இருந்தாளாம். பேரு அஞ்சலாட்சி. ஏன்டி சிரிக்கிற? ஆமா, என் பேருதான், உங்க அத்தையேதான். வேற யாரையாவது முட்டாளா வெச்சுக் கத சொன்னா அவங்க சண்டைக்கு வருவாங்க. நானுன்னா யாரு கேக்கப் போறா? கால நீட்டிப் படு. ம் கொட்டணும், கொட்டலன்னா கத நின்னுடும்.

அந்த ஊரு மாரியம்மனுக்கு ஒரு மரக்குதிர வாகனம் இருந்துச்சு. உங்கப்பனோட தாத்தனுக்குத் தாத்தன் காலத்துக் குதிர. ஒரு ஆள் ஒசரம். முன்னங்கால் ரெண்டயும் தூக்கிக்கிட்டு, வாயப் பொளந்து பல்லெல்லாம் காட்டிக்கிட்டு நிக்கும். அடியில ரெண்டு பெரிய மூங்கில் தண்டு கட்டியிருக்கும். மாசி மாசம் அம்மன் அதுமேல ஏறி ஊரச் சுத்தி வருவா. தூக்குறதுக்குப் பன்னெண்டு பேரு வேணும். ஆறு தெரு, தெருவுக்கு ரெண்டு பேரு. வருஷம் பூரா மொறச்சிக்கிட்டுத் திரியறவனுங்க கூட அன்னிக்கு ஒரே தண்டுல தோள் குடுத்தாகணும். அந்தக் குதிர இல்லன்னா அது ஊரே இல்ல கண்ணு, வெறும் ஆறு தெரு.

ம். அப்படித்தான்.

அப்புறம் என்ன ஆச்சு, பக்கத்து ஊருல ஒரு சிலை களவு போச்சு. எங்க ஊருல பயந்துபோய்க் கூட்டம் போட்டாங்க. "குதிரையக் காப்பாத்த ஒரு குழு வேணும், யாரு தலைவரா நிக்கிறீங்க?"ன்னாங்க. எல்லாரும் தரையப் பாத்தாங்க. நான் மட்டும் விசுக்குன்னு கையத் தூக்கினேன். எட்டாங்கிளாஸ் வரைக்கும் படிச்ச திமிரு.

மொத வேலையா டவுனுக்குப் போனேன். "யான கட்டுற சங்கிலி இருக்கா?"ன்னு கேட்டேன். கடைக்காரன் என்னைப் பாத்தான், எனக்குப் பின்னாடி யான நிக்குதான்னும் எட்டிப் பாத்தான். சங்கிலியத் தூக்கிட்டு வந்து, குதிரையோட பின்னங்காலப் பக்கத்துத் தூணோட சேத்துச் சுத்தி, தேங்கா சைசுல ஒரு பூட்டு. சடக்! இனிமே எவன் தூக்குவான்னு இடுப்புல கைய வெச்சுக்கிட்டு நின்னேன்.

அப்போ குதிர மேட்டுல இருந்துச்சு. கல்மேட, மேல கீத்துக் கூரை. அந்த வருஷம் தீபாவளிக்கு எவனோ வுட்ட ராக்கெட்டு, ஸ்ஸுய்ய்ங்னு கோணிக்கிட்டு வந்து கூரையில டப்புனு வுழுந்துச்சு. ரெண்டு கொடம் தண்ணியில அணஞ்சுபோச்சு, ஆனா என் வயித்துல பத்திக்கிச்சு. "கூரைக்கடியில இருக்கவே கூடாது, தகரக் கொட்டாய்க்கு மாத்தணும்"னு குதிச்சேன்.

எங்க மாத்துறது? ஊருக்கு நடுவுல ஒரு பள்ளம். அவ்ளோ பெரிய எடம், ஒருத்தனும் வீடு கட்டல, ஒரு மாடு கூடக் கட்டல. இவ்ளோ நல்ல எடத்த இந்த ஜனங்க இத்தன வருஷமா வீணாக்கிட்டாங்களேன்னு நான் பரிதாபப்பட்டேன் பாரு!

கோயில் பூசாரி கன்னியப்ப மாமா சொன்னாரு, "அஞ்சல, அது ஏரி வழிஞ்சா தண்ணி போற எடம்மா."

"மாமா, பத்து வருஷமா ஏரியே நெறையல"ன்னேன்.

"நெறையாமயே இருந்துடுமா?"ன்னாரு.

நான் காதுலயே வாங்கல. முன்பக்கம் தொறந்த கொட்டாயா போட்டு, சிமெண்டுத் தரையில இரும்பு வளையம் பதிச்சு, குதிரையக் கொண்டாந்து அதுல பூட்டுனேன். சடக்! ஒரே சாவி. அத அரிசிப் பானையில ஒளிச்சேன். ரெண்டு நாள் போயி, திருடன் அரிசிப் பானையத்தான் மொதல்ல பாப்பான்னு தோணுச்சு, சாமி படத்துக்குப் பின்னால மாத்துனேன். அப்புறம் அதுவும் சரியில்லன்னு, உலகத்துல எவனுக்கும் தோணாத ஒரு எடத்துல வெச்சேன். அவ்ளோ பத்திரம். எனக்கே மறந்துபோச்சு.

தூங்கிட்டியா? ம் சொல்லு.

அப்புறம் கார்த்திகை வந்துச்சு, மழ வந்துச்சு. சோன்னு மூணு நாளு. மூணாம் நாள் காலையில ஆட்டோவுல மைக்கக் கட்டிக்கிட்டு வந்தாங்க. "ஏரி வழியுது, எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போங்க!" ஆடு, கோழி, பாயி, பாத்திரம், எல்லாத்தயும் தூக்கிக்கிட்டு ஜனம் மேட்டுக்கு ஓடுச்சு. அங்க போய் தலைய எண்ணிப் பாத்தா கன்னியப்ப மாமாவக் காணோம்.

உங்கப்பனுக்கு அப்போ இருவது வயசு. ஒரு நீளக் கயித்து முனைய இடுப்புல கட்டிக்கிட்டு எறங்குனான், அடுத்த முனைய ஜனங்க புடிச்சிக்கிட்டாங்க. நானும் கயித்தப் புடிச்சிக்கிட்டே பின்னாடி போனேன். போனா, கொட்டாய்ல மொழங்கால் தண்ணி. மாமா குதிரையோட கழுத்தக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு.

"மாமா, வாங்க!"

"குதிர வந்தா நானும் வர்றேன்."

"ஏறிக்கிட்டே இருக்கு மாமா!"

"அம்பது வருஷமா இதுக்கு எண்ண தடவுறேன். இத இங்க கட்டிப்போட்டுட்டு நான் மட்டும் வந்து அம்மனுக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுச் சூடம் காட்டறது? சங்கிலிய அவுத்துவுடு அஞ்சல, அது பொழச்சிக்கும்."

உங்கப்பன் கொட்டாய்ல கெடந்த கடப்பாறையால அடிச்சான். டங்கு டங்கு டங்கு. சங்கிலி அசையல. எப்படி அசையும், யான இழுத்தாலே அசையக் கூடாதுன்னு சொல்லி வாங்குனதாச்சே!

நான் தண்ணியில சளப்பு சளப்புன்னு ஓட்டமா, பள்ளத்து ஓரத்துலயே இருந்த எங்க வூட்டுக்கு ஓடி, அரிசிப் பானைக்குள்ள கைய வுட்டேன். சாவி இல்ல. திரும்பி வந்தா தண்ணி தொடை வரைக்கும். "சாமி படம்!"னு ஞாபகம் வந்துச்சு, மறுபடியும் ஓடுனேன். படத்துக்குப் பின்னால ஒரு பல்லிதான் இருந்துச்சு, ச்சு ச்சுன்னுச்சு. வெறுங்கையோட வந்தா தண்ணி இடுப்பத் தாண்டிப்போச்சு. மாமா கண்ண மூடிக்கிட்டு முணுமுணுன்னு என்னமோ சொல்லிக்கிட்டிருக்காரு. குதிர மெதக்கப் பாக்குது, சங்கிலி கீழ இழுக்குது. கிறீச்... கிறீச்... அந்தச் சத்தம் இன்னும் எனக்குக் கேக்குது கண்ணு.

எனக்கு அழுகை வந்துடுச்சு. திருடன் வரல. நெருப்பும் எரிக்கல. நான்தான்டி இவங்க ரெண்டு பேரயும் கொல்லப்போறேன். குதிர மூஞ்சிய ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு, "அம்மா, தெரியாம பண்ணிட்டேன், மன்னிச்சிடு"ன்னு கத்தி அழுதேன். அப்போதான் பாத்தேன், அந்தப் பொளந்த வாய்க்குள்ள, கடவாப் பல்லுல, ஒரு செவப்புக் கயிறு.

நான் கட்டுன கயிறு! உலகத்துல எவனுக்கும் தோணாத எடம், குதிர வாயி! கைய உள்ள வுட்டு இழுத்தேன், களுக்குனு சாவி வந்துச்சு.

கன்னியப்ப மாமா கண்ணத் தொறந்தாரு. "அடிப்பாவி, அது சாவிக் கயிறா? யாரோ புள்ள வரம் கேட்டு முடிஞ்சு வுட்டிருக்காங்கன்னு நெனச்சு நான் வெள்ளிக்கெழம தவறாம அதுக்குக் குங்குமம் வெச்சிக்கிட்டு வர்றேனே!"

சிரிச்சது போதும், இன்னும் ஆபத்து முடியல. உங்கப்பன் மூக்கப் புடிச்சிக்கிட்டு உள்ள முங்குனான். ஒண்ணு... ரெண்டு... மூணு... ஆளக் காணோம். எனக்கு உசுரே இல்ல. அப்புறம் பொளக்குனு தலைய நீட்டுனான், "அவுந்துடுச்சுக்கா!" அவன் சொல்லி முடிக்கல, குதிர டுபுக்குனு மேல எழும்புச்சு.

உள்ள கூடான மரம்தானே, அடியில மூங்கில் வேற. அழகா மெதந்துச்சு! கயித்தத் தண்டுல கட்டிட்டு, மாமா ஒரு பக்கம், நாங்க ஒரு பக்கம் புடிச்சிக்கிட்டோம். தகரம் இடிச்சு அதோட வலது காது பிஞ்சுபோச்சு, அதான் இன்னிக்கும் அந்தக் காது மட்டும் புதுசா இருக்கு. மேட்டுல ஆறு தெரு ஜனமும் கயித்தப் புடிச்சிக்கிட்டு ஏலேலோன்னு இழுக்குது. பேசாதவனுங்க எல்லாம் ஒருத்தன் முதுகுல ஒருத்தன் மோதி வுழுந்து இழுக்கிறானுங்க. பன்னெண்டு பேரு தூக்குற குதிர அன்னிக்கு எங்க மூணு பேரயும் தூக்கிக்கிட்டுப் போச்சு.

பள்ளிக்கூடத்துப் படியில ஏறுனதும் ஒக்காந்து அழுதேன். ஒருத்தரும் திட்டல, அதுதான் ரொம்ப வலிச்சுது.

ம்? முடிஞ்சுது, முடிஞ்சுது.

தண்ணி வடிஞ்சுது. குதிர மறுபடியும் மேட்டுக்கே போச்சு, சங்கிலி பழைய இரும்புக்குப் போச்சு. ஊரு மறுபடியும் கூட்டம் போட்டுச்சு. நான் எழுந்து நின்னு, "தெரியாம செஞ்சுட்டேன், நான் வெலகிக்கிறேன், வேற யாராவது தலைவரா இருங்க"ன்னேன். எல்லாரும் சரின்னு தலைய ஆட்டுனாங்க, கொஞ்சம் வேகமாவே ஆட்டுனாங்க.

கன்னியப்ப மாமா மட்டும் எழுந்தாரு. "வேணாம், அஞ்சலயே இருக்கட்டும்"னாரு.

"ஏன் மாமா, பட்டது போதாதா?"ன்னு ஒருத்தன் கேட்டான்.

"செய்யக்கூடிய தப்பு எல்லாத்தயும் இவ ஒருத்திதான் செஞ்சு முடிச்சிருக்கா"ன்னாரு. "புது ஆளப் போட்டா அவன் மொதல்லருந்து ஆரம்பிப்பான்."

இருவத்தி ரெண்டு வருஷம் ஆச்சு கண்ணு. இன்னிக்கும் நான்தான் தலைவி.

கதையும் கரை ஏறிடுச்சு, கதை சொன்னவளும் கரை ஏறிட்டா. நீ கண்ண மூடித் தூங்குடி.