தனியாகப் பால் குடிக்காத வீரன்

கிழக்கு ஆப்பிரிக்காவில் மாடு மேய்த்து வாழும் மாசாய் மக்களின் புல்வெளியில் ஒரு கழுதைப்புலி இருந்தது. அதற்குப் பசி நிறைய, அறிவு கொஞ்சம். ஒரு கோடைக் காலையில், அப்போதுதான் பிறந்த கன்று ஒன்று அதன் கண்ணில் பட்டது.

கன்றால் இன்னும் நடக்க முடியவில்லை. மந்தையைச் சிமெல் என்ற வீரன் தண்ணீர்த்துறைக்கு ஓட்டிப் போய்விட்டான். கன்றுக்கும் தாய்க்கும் காவலாக அவன் தோழன் கொய்னெட் மட்டும் ஈட்டியோடு நின்றான். அவன் முந்தின நாளிலிருந்தே ஒன்றும் சாப்பிடவில்லை.

"குடுவை நிறையப் பால் வைத்திருக்கிறான். ஏன் குடிக்காமல் நிற்கிறான்?" என்று புதருக்குள் பதுங்கியிருந்த கழுதைப்புலி பக்கத்திலிருந்த நரியிடம் கேட்டது.

"அது அவர்கள் வழக்கம். சிறுவனாக இருக்கும்வரை எப்படியும் குடிக்கலாம். வீரனாகிவிட்டால், கூட ஒரு வீரன் இல்லாமல் பாலைத் தொடக்கூடாது. வீரனுக்குரிய சடையை மழித்துப் பெரியவராகும்வரை அப்படித்தான்."

"இங்கேதான் யாருமே இல்லையே. குடித்தால் யாருக்குத் தெரியும்?"

"அவனுக்குத் தெரியுமே. அதனால்தான் எனக்கு அவர்களைப் பிடிக்கும்," என்றது நரி.

கழுதைப்புலி விழுந்து விழுந்து சிரித்தது. "பாலை வைத்துக்கொண்டு பட்டினி கிடக்கிறானா? நல்லதாய்ப் போயிற்று. வெயில் ஏறட்டும், தானாக விழுவான்."

வெயில் ஏறியது. கொய்னெட்டின் கால்கள் தள்ளாடின. மண்டியிட்டு விழுந்தவன் ஈட்டியை ஊன்றி எழுந்தான். அப்போதும் குடுவையைத் திறக்கவில்லை. இனி அவனால் ஈட்டியை ஓங்க முடியாது என்று கண்டு கழுதைப்புலி புதரைவிட்டு வெளியே வந்தது. பசு கன்றை மறைத்துக்கொண்டு நின்றது.

"ஒதுங்கு. உன் காவல்காரனை அவன் வழக்கமே கவிழ்த்துவிட்டது," என்றது கழுதைப்புலி.

"வானத்துக் கடவுள் எங்களை நம்பி ஒப்படைத்தது இவர்களிடம்தான்," என்றது பசு. "நீ இவன் பசியை மட்டும்தான் பார்த்தாய். அங்கே தண்ணீர்த்துறையில் சிமெலுக்கும் பசிக்காதா?"

"பசித்தால் குடிக்கட்டுமே!"

"யாரோடு குடிப்பான்? அங்கே இருப்பவர்கள் பெரியவர்களும் சிறுவர்களும்தான். அவனோடு குடிக்க வேண்டியவன் இங்கே நிற்கிறான்."

கழுதைப்புலி யோசித்து முடிப்பதற்குள் மேட்டில் புழுதி கிளம்பியது. மந்தையைப் பெரியவர்களிடம் விட்டுவிட்டுச் சிமெல் ஓடி வந்துகொண்டிருந்தான். அவன் எறிந்த ஈட்டி கழுதைப்புலியின் காதை உரசிக்கொண்டு மண்ணில் குத்தி நின்றது. அது வாலைச் சுருட்டிக்கொண்டு ஓட்டம் பிடித்தது.

"பசி உயிர் போகிறதடா, குடுவையைத் திற," என்றான் சிமெல்.

இருவரும் ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து குடித்தார்கள். கன்றும் தாயின் மடியை முட்டி முட்டிக் குடித்தது.

துணையில்லாமல் உண்ணாதவனுக்கு ஆபத்திலும் துணை இல்லாமல் போகாது.