நிழல் விழாத கொலாஜன்

"மூஞ்சில பூசுறது மூஞ்சியோட நின்னுரும், உள்ள போறது..." என்று திருமேனியின் பெரியப்பா ஏதோ சொல்வார். உள்ளே போவது சோறா கவலையா என்பது திருமேனிக்கு மறந்துவிட்டது.

நாற்பத்தேழு வயதில் மஸ்கட்டிலிருந்து தூத்துக்குடி திரும்பியவரைப் பார்க்க நாளைக்குப் பெண்வீட்டார் வருகிறார்கள். அவர்கள் கையில் இருப்பதோ அவருடைய பத்து வருஷப் பழைய படம். விடிவதற்குள் முகத்தைப் படத்துக்கு ஏற்றபடி ஆக்கியாக வேண்டும். பிச்சைக்கனியின் சலூனில் சோப்பு நுரையோடு அதே யோசனையாக இருந்தார். பக்கத்து நாற்காலியில், தோலை இளசாக்கும் கொலாஜன் கிரீம் விற்கும் ஏஜென்ட் மதலைமுத்து.

"கொலாஜன் மூலக்கூறு பெருசு அண்ணாச்சி. தோலுக்குள்ள எறங்காதுன்னு படிச்சேன்" என்று இழுத்தார் திருமேனி.

"மூலமா? அதுக்கு வேற மருந்துல்லா?" என்றார் பிச்சைக்கனி.

"நீரு சும்மா இரும்வே!" என்றார் மதலைமுத்து. "மத்தவன் கொலாஜன் லாரி மாதிரி, சந்துக்குள்ள நுழையாது. நம்மளது வெயில்ல நிறுத்தினா நெழல் விழாது, அம்புட்டு ஒல்லி. ஒருநா கன்னத்துல தடவிட்டுப் படுத்தேன். தோலைத் தாண்டி, எலும்பைத் தாண்டி, தலகாணிக்குள்ள எறங்கிட்டு. காலையில பாத்தா பஞ்செல்லாம் பச்சை இலவங்காயாக் கெடக்கு!"

"பொறவு?" திருமேனிக்கு ஆசை விடவில்லை.

"டப்பாவை அடுப்படியில மூடாம வச்சுட்டேன். வாடை பட்டே சுக்கு இஞ்சியாயிட்டு. அப்பளக்கட்டு உளுந்தாயிட்டு. ரேஷன் கடையில வெரலை வச்சா மெஷின் சொல்லுது, 'பச்சப்புள்ளையை அனுப்பாதீங்க, பெரியாளை வரச் சொல்லுங்க'ன்னு!"

"மெஷின் தமிழ்லயா சொல்லிச்சு?" என்று கேட்டார் பிச்சைக்கனி.

"வெரலு தமிழ் வெரலுல்லாவே!"

பிச்சைக்கனி கத்தியை நிறுத்தினார். "அப்போ உம்ம மூஞ்சி மட்டும் ஏன் காஞ்ச பனங்கிழங்கா இருக்கு?"

மதலைமுத்து அசரவில்லை. "அதை ஏன் கேக்கீரு! ஒரு சொட்டு கூடுதலாப் பூசிட்டு வீட்டுக்குப் போனேன். எம் பொண்டாட்டி, 'அவுக இல்ல தம்பி, பொறவு வாங்க'ன்னு கதவைச் சாத்திட்டா. உப்பளத்து வெயில்ல காஞ்சு காஞ்சுல்லா பழைய மூஞ்சியை மீட்டேன்!"

"சரிதான்" என்றார் பிச்சைக்கனி. "நாளைக்கு வாறவுகளும் இவர்ட்டயே கேக்கட்டும், 'தம்பி, மாப்பிள்ளை எங்க?'ன்னு."

திருமேனி செல்போனை எடுத்து, பாதி நுரையும் பாதி தாடியுமாக இருந்த நாற்பத்தேழு வயது முகத்தை அப்படியே படம் பிடித்துப் பெண்வீட்டாருக்கு அனுப்பினார்.