தானியத் தாயின் ரகசியம்

கிரேக்க நாட்டில், விதைப்புக்கு முன்னால் தானியத் தாயான டெமிட்டர் தெய்வத்துக்குப் பெண்கள் மட்டும் கூடி நோன்பு இருப்பார்கள். உள்ளே என்ன நடக்கிறதென்று எந்த ஆணுக்கும் தெரியாது. ஒரு வருஷம் ஊர்த்தலைவன் திமோக்கரஸ் விதைக் களஞ்சியத்தைப் பூட்டிவிட்டு, "ரகசியத்தைச் சொன்னாத்தான் திறப்பேன்" என்று முறுக்கிக்கொண்டான்.

கூலிக்காரி மெலித்தா முன்னால் வந்தாள். "சொல்றேன் ஐயா. ஆனா எங்களை மாதிரி வெறுந்தரையில உட்கார்ந்து ஒருநாள் பட்டினி கிடந்தாத்தான் அது காதுல ஏறும்."

சந்தை நடுவில், ஊர் பார்க்கத் தலைவன் உட்கார்ந்தான். பொழுது சாய்வதற்குள், "ரகசியம் கிடக்கட்டும், முதல்ல ரொட்டி கொண்டா!" என்று அலறினான்.

"ரகசியமே அதுதான் ஐயா. ரொட்டிக்குத் தானியம் வேணும், தானியம் விளைய விதை வேணும். விதையோட சாவி உங்க இடுப்புல தொங்குது."

ஊர் சிரித்த சிரிப்பில் களஞ்சியம் திறந்தது.

விதையோடு வீடு திரும்பிய மெலித்தாவிடம் புருஷன் மெதுவாகக் கேட்டான். "நிஜமாவே அதுதான் ரகசியமா?"

மெலித்தா வெறுந்தரையைக் காட்டினாள். "உட்காரு."