ஆலமரத்தில் குடியேறிய மைனா

பெரியேரிக் கரையில் ஒரு மருதமரம் இருந்தது. அதில் மஞ்சளி என்ற மைனாவும் அவள் கணவன் வேம்பனும் குடியிருந்தார்கள்.

குடியிருந்தார்கள் என்பது கொஞ்சம் பெரிய பேச்சு. ஒரு பொந்தில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் சரி. அந்தக் கரையில் மரங்கள் குறைவு, பறவைகள் அதிகம். ஒரு மரங்கொத்தி பொந்தைக் காலி செய்கிறது என்று காற்றுவாக்கில் தெரிந்தால் போதும், அது கிளம்புவதற்கு முன்பே நாலு குடும்பம் வாசலில் வந்து நிற்கும்.

ஆனாலும் மஞ்சளிக்குப் பெரியேரி என்றால் உயிர். அதற்குக் காரணம் அந்த ஊர்ச் சாயங்காலம். பொழுது சாயும்போது, ஏரியைச் சுற்றி மேயப்போன மைனாக்கள் எல்லாம் மருதமரத்துக்குத் திரும்பும். வந்ததும் படுத்துத் தூங்கும் வழக்கம் மைனா இனத்தில் கிடையாது. இன்றைக்கு யார் எந்த எருமை முதுகில் ஏறினார்கள், எந்த வரப்பில் வெட்டுக்கிளி கிடைத்தது, யாருக்கும் யாருக்கும் சண்டை என்று ஒன்று விடாமல் பேசித் தீர்த்துவிட்டுத்தான் கண்ணை மூடும். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். ஒருவர் பேச்சை ஒருவர் கேட்பதில்லை என்று வெளியார் நினைத்துக்கொள்வார்கள். அது தப்பு. மைனாவுக்குப் பேசிக்கொண்டே கேட்கத் தெரியும்.

மஞ்சளி பிறந்தது அந்தச் சத்தத்தில். சிறகு முளைத்தது அந்தச் சத்தத்தில். வேம்பன் அவளைப் பார்த்து முதன்முதலாகத் தலையை ஆட்டி ஆட்டிப் பாடியதும் அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான். அவன் என்ன பாடினான் என்பது அவளுக்குச் சரியாகக் காதில் விழவில்லை. ஆனாலும் சம்மதித்துவிட்டாள்.

அந்த வருஷம் வம்பு வந்தது. முட்டையிடும் காலம் நெருங்கியபோது ஒரு கிளிக் குடும்பம் அவர்களுடைய பொந்தின் மேல் கண் வைத்தது. வேம்பன் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பக்கம் ஒரு குடும்பம், இந்தப் பக்கம் இவன் ஒருவன். பொந்தும் போயிற்று, வலது இறக்கையில் கடியும் விழுந்தது. அதற்குப் பிறகு அவனால் பறக்க முடிந்தது, ஆனால் முன்னைப் போல வளைந்து திரும்பிச் சண்டை போட முடியவில்லை.

“நாணல்குளத்துக்குப் போயிடலாம், மஞ்சளி” என்றான் வேம்பன். “சின்ன இடம். பொந்துக்கு அங்க அடிதடி கிடையாதாம். குஞ்சுங்களையாவது நிம்மதியா வளர்க்கலாம்.”

மஞ்சளி முதலில் கோபித்துக்கொண்டாள். பிறகு அழுதாள். பிறகு, முட்டை வயிற்றில் கனக்கத் தொடங்கியதும், ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டாள்.

“வரேன். ஆனா மரம் எதுன்னு நான்தான் முடிவு பண்ணுவேன். பேச்சுச் சத்தம் இல்லாத மரத்துல எனக்குத் தூக்கம் வராது.”

மறுநாள் பொழுது விடிந்ததும் கிளம்பினார்கள். மஞ்சளி மருதமரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அவள் வழக்கமாக உட்காரும் கிளையில் அதற்குள் வேறொருத்தி உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தாள். பெரிய இடம் அப்படித்தான், யாருக்காகவும் கிளையைக் காலியாக வைத்திருக்காது.

நாணல்குளத்துக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். அங்கே புதிதாக வருகிறவர்களுக்கு மரம் காட்டுவது ஒரு செம்போத்து. பறப்பதைவிட நடப்பதில்தான் அவனுக்குப் பிரியம். இரண்டு மைனாக்களும் பொறுமையாக அவன் பின்னால் நடந்தார்கள்.

முதலில் மேற்குக் கரையில் ஓர் இலுப்பை மரத்தைக் காட்டினான். நல்ல ஆழமான பொந்து. மழைச்சாரல் அடிக்காத வாசல். ஆனால் மரத்தில் ஓர் அசைவில்லை. ஓர் இலை விழுந்தால்கூடக் கேட்டது.

“இங்க யாரு இருக்காங்க, அண்ணே?” என்று கேட்டாள் மஞ்சளி.

“இருக்காங்கம்மா. தவிட்டுக் குருவிங்க ஒரு கூட்டம். அப்புறம் ஒரு கரிச்சான். இப்போ வெளிய போயிருக்காங்க.”

மஞ்சளியின் முகம் தொங்கிப்போயிற்று. இந்த மரத்தில் வளர்ந்தால் என் குஞ்சுகள் ஊமையாகத்தான் போகும் என்று வேம்பனின் காதைக் கடித்தாள்.

அப்போது கிழக்குக் கரையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. என்ன சத்தம்! அங்கே ஓர் ஆலமரம் பழுத்துச் சிவந்து நின்றது. குக்குறுவான்களும் மாங்குயில்களும் கொண்டைக்குருவிகளும் அணில்களுமாக ஒரு கிளை மிச்சமில்லாமல் கூட்டம். கல்யாண வீட்டுப் பந்தியைப் போல ஒரே இரைச்சல். மஞ்சளிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. செம்போத்து நடந்து வந்து சேருவதற்குள் அவள் பறந்து போய் ஒரு பொந்தையே கண்டுபிடித்துவிட்டாள். பொந்தின் வாசலில் ஒரு கொண்டைக்குருவி உட்கார்ந்திருந்தான். வாய் நிறையப் பழத்தோடு, வாங்க வாங்க, அருமையான இடம் என்று வரவேற்றான்.

ஒரு சாயங்காலம் தங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமே என்று வேம்பன் இழுத்தான்.

“உங்களுக்குக் காது கேக்கலியா? இதுக்கு மேல என்னத்தைப் பார்க்கணும்?” என்றாள் மஞ்சளி.

வேம்பன் செம்போத்தைப் பார்த்தான். செம்போத்து வேறு பக்கம் பார்த்தான். மரத்தைக் காட்டுவதோடு தன் வேலை முடிந்தது, யோசனை சொல்வது தன் தொழில் இல்லை என்று சொல்லிவிட்டுப் புதருக்குள் நடந்து போய்விட்டான்.

ஆலமரத்து வாழ்க்கை தடபுடலாகத் தொடங்கியது. மஞ்சளி முட்டையிட்டு அடைகாத்தாள். அடைகாத்துக்கொண்டே வாசலில் இருந்த கொண்டைக்குருவிக்குப் பெரியேரியின் கதையை எல்லாம் சொன்னாள். மருதமரத்தைப் பற்றிச் சொன்னாள், எருமைகளைப் பற்றிச் சொன்னாள், கிளிகள் செய்த அநியாயத்தைச் சொன்னாள். அவன் ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு தடவை “அப்படியா?” என்றான். எவ்வளவு அக்கறையாகக் கேட்கிறான் என்று மஞ்சளி பூரித்துப்போனாள்.

சாயங்காலம் ஆனால் எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். மரம் வெறிச்சென்று ஆகிவிடும். மஞ்சளி அதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. விடிந்தால் வரத்தானே போகிறார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மூன்று குஞ்சுகள் பொரித்தன. அவை கண் திறந்தபோது ஆலமரத்தில் பழம் தீர்ந்துவிட்டது.

ஒரு நாள் காலையில் மஞ்சளி வாசலுக்கு வந்து பார்த்தாள். மரத்தில் ஈ காக்கை இல்லை. கொண்டைக்குருவி மட்டும் அந்த வழியாகப் பறந்துகொண்டிருந்தான். மஞ்சளி அவனைக் கூப்பிட்டு, எல்லாரும் எங்கே என்று கேட்டாள்.

“தெக்கால அத்தி பழுத்திருக்கே, தெரியாதா? நீங்க வரலியா?”

“குஞ்சுங்களை விட்டுட்டு எப்படி வர்றது?”

“ஓ, உங்களுக்குக் குஞ்சு இருக்கா?” என்று ஆச்சரியப்பட்டுவிட்டு அவன் போயே போய்விட்டான். இத்தனை நாளும் அந்தக் குஞ்சுகளின் தலைக்கு மேல் உட்கார்ந்துதான் அவன் பழம் தின்றிருந்தான்.

அன்று முதல் ஆலமரம் பேசவில்லை. அந்த அமைதியில் மஞ்சளிக்குப் பெரியேரி நினைவு பொங்கிப் பொங்கி வந்தது. அந்திச் சிவப்பு ஏரித் தண்ணீரில் விழுவது, கூட்டம் கூட்டமாக மைனாக்கள் வந்து இறங்குவது, இடத்துக்காக ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளுவது எல்லாம் கண் முன்னால் வந்தன. தன் பொந்தைப் பிடுங்கிய கிளிகளின் கத்தல்கூட இப்போது இனிமையாகத் தோன்றியது. ஏக்கம் என்று வந்துவிட்டால் அது நல்லது கெட்டது பார்ப்பதில்லை. வேம்பன் இரை கொண்டுவரும்போதெல்லாம், அங்கே இருந்தால் இந்நேரம் என்று தொடங்குவாள். வேம்பன் இன்னொரு புழு தேடப் போய்விடுவான். அவனுக்கும் அந்த ஏக்கம் இருந்தது, ஆனால் வாயில் புழு இருந்தது.

வெயில் தாழ்ந்த ஒரு பிற்பகலில், விழுதைப் பிடித்து ஒரு சாரைப்பாம்பு மேலே ஏறியது.

மஞ்சளி அதைப் பார்த்தபோது அது பாதி மரம் ஏறிவிட்டது. வேம்பன் பாய்ந்து கொத்தப் போனான். திரும்பும்போது வலது இறக்கை காலை வாரிவிட்டது, கிளையில் மோதிக் கீழே விழுந்தான். மஞ்சளி தொண்டை கிழியக் கத்தினாள். பெரியேரியாக இருந்தால் அந்தச் சத்தத்துக்கு மரமே திரண்டு வந்திருக்கும். இங்கே காய்ந்த இலைகள் மட்டும் அசைந்தன. பாம்பு பொந்துக்குள் தலையை விட்டு ஒரு குஞ்சைக் கவ்வி விழுங்கியது. அடுத்ததற்காக மறுபடியும் தலையை நீட்டியது.

அப்போது குளத்துக்கு மேலே கறுப்பாக ஒன்று எறிந்த கல்லைப் போல வந்தது. அது இலுப்பை மரத்துக் கரிச்சான். வந்த வேகத்தில் பாம்பின் தலையில் ஒரு கொத்துக் கொத்தினான். அவன் பின்னாலேயே தவிட்டுக் குருவிகள் நாணலை உரசிக்கொண்டு தாழப் பறந்து வந்து சேர்ந்தன. ஒன்று வாலைப் பிடித்து இழுத்தது, ஒன்று கண்ணைக் குறி வைத்தது, மற்றவை சுற்றி நின்று காது செவிடாகும்படி கத்தின. பாம்பு தலையை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் தடுமாறிப் பிடி நழுவிக் கரையோரத் தண்ணீரில் விழுந்தது. நாணலுக்குள் நீந்திப் போய் மறைந்தது.

எல்லாருக்கும் மூச்சு வாங்கியது. வேம்பன் தத்தித் தத்தி மேலே வந்தான். மஞ்சளி மிஞ்சியிருந்த இரண்டு குஞ்சுகளையும் இறக்கைக்குள் அணைத்துக்கொண்டு கேட்டாள்.

“எங்களை நீங்க பார்த்ததுகூட இல்லையே. எப்படி வந்தீங்க?”

தவிட்டுக் குருவிகளில் மூத்தவளைப் பெரியக்கா என்று கூப்பிடுவார்கள். அவள்தான் பதில் சொன்னாள்.

“கத்துனது கேட்டுச்சு, வந்தோம். யாரு என்னன்னு அப்புறம் விசாரிச்சுக்கலாம்னுதான்.” பிறகு கிட்டே வந்து உட்கார்ந்தாள். “இப்போ சொல்லு. உன் பேரு என்னம்மா?”

ஆலமரத்துக்கு வந்த நாளிலிருந்து அவளிடம் யாரும் பேர் கேட்டதில்லை. மஞ்சளி தன் பேரைச் சொன்னாள். போன குஞ்சுக்கு இன்னும் பேர் வைக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவள் அழத் தொடங்கினாள். பெரியக்கா அவள் அழுது முடிக்கும் வரை பக்கத்திலேயே இருந்தாள். வாய் ஓயாத அவள் தங்கைகளும் அன்றைக்குச் சத்தம் போடாமல் இருந்தார்கள்.

எங்கள் மரத்துக்கே வந்துவிடுங்கள் என்று பெரியக்கா கூப்பிட்டாள். ஆனால் பறக்கத் தெரியாத குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போக மைனாவால் முடியாது. அதனால் தவிட்டுக் குருவிகள் ஆலமரத்தடியிலேயே சருகைக் கிளறி மேயத் தொடங்கின. கரிச்சான் உச்சிக் கிளையில் உட்கார்ந்து காவல் காத்தான். ஒரு நாள் மஞ்சளி அவனிடம் மனசில் இருந்ததைக் கேட்டாள். அன்றைக்கு வந்து பார்த்தபோது உங்கள் இலுப்பை மரத்தில் ஓர் ஆள்கூட இல்லையே, ஏன் என்றாள்.

“எப்போ வந்து பார்த்தே?”

“உச்சிப் பொழுதுல.”

“உச்சிப் பொழுதுல எவன் வீட்டுல உட்கார்ந்திருப்பான்? வயித்துப்பாட்டைப் பார்க்க வேணாமா?”

மஞ்சளிக்கு அப்போதுதான் உறைத்தது. மருதமரமும் உச்சி வெயிலில் அப்படித்தானே காலியாகக் கிடந்திருக்கும்! அவள் அதைப் பார்த்ததே இல்லை. அந்த நேரத்தில் அவளும் அல்லவா எருமை முதுகில் இருந்தாள்? குடியிருக்கிறவர்கள் பகலில் வெளியே போவார்கள், பொழுது சாய்ந்தால் திரும்புவார்கள். பகலில் வந்து சாயங்காலம் போகிறவர்கள் பந்திக்கு வந்தவர்கள். பிறந்ததிலிருந்து கூட்டத்தோடு வாழ்ந்தவளுக்கு இது தெரியாமல் போயிற்றே என்று தன்னைத்தானே நொந்துகொண்டாள். வேம்பனிடமும் சொன்னாள். ‘நான் அப்போதே சொன்னேனே’ என்று அவன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நல்ல கணவன்.

குஞ்சுகளுக்குச் சிறகு முளைத்ததும் குளத்தைத் தாண்டினார்கள். பெரியது நேராகப் போய்ச் சேர்ந்தது. சின்னது நடுக்குளத்தில் தடுமாறி நாணலில் தொங்கியது. இந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் போ, காலை மடக்கு, வாலை விரி என்று தவிட்டுக் குருவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வழி சொல்லி அதைக் குழப்பின. அவர்கள் தொல்லை தாங்காமலேயே அது எழும்பிப் பறந்து இலுப்பைக்கு வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் தவிட்டுக் குருவிகள் ஒரே கிளையில் நெருக்கியடித்து உட்கார்ந்து, நடுவில் யார் படுப்பது என்று சண்டை போட்டன. எண்ணிப் பார்த்தால் ஒரு கைப்பிடி ஆட்கள். பெரியேரிக் கூட்டத்தில் ஒரு சின்னக் கிளைக்குக்கூடக் காணாது. பெரியேரி ஞாபகம் மஞ்சளியை இன்னும் விடவில்லை. அது என்றைக்கும் விடப்போவதும் இல்லை. அவள் மெல்ல மருதமரத்துக் கதையை ஆரம்பித்தாள். எல்லாரும் கேட்டார்கள். அது எவ்வளவு பெரிய மரம், அத்தனை பேருக்கும் உட்கார இடம் இருந்ததா என்று குறுக்கே குறுக்கே கேள்வி வேறு. ஆனால் பகல் முழுவதும் சருகு கிளறிய அலுப்பு. எருமை முதுகில் ஏறும் இடம் வருவதற்குள் கடைசித் தங்கை தூங்கி விழுந்தாள். கரிச்சான் கொட்டாவி விட்டான். பெரியக்கா, சொல்லு சொல்லு என்று முனகிக்கொண்டே கண்ணை மூடினாள்.

மஞ்சளி கதையைப் பாதியில் நிறுத்தினாள். அவளுக்கு வருத்தமில்லை. மீதியை நாளைக்குச் சொல்லலாம், கேட்க இவர்கள் இருப்பார்கள்.

ஆகவே, குடிபோகும் இடத்தில் எவ்வளவு கூட்டம் கூடுகிறது என்று பார்க்காமல், கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக் குடியேற வேண்டும்.