இஸ்பேட் ஏஸ் யாரிடம்?

இன்ஸ்பெக்டர் சுப்புராயன் படியேறி வரும்போதே முகம் சரியில்லை. பிரபாவதியைவிட இருபது வயது மூத்தவர். ஆனாலும் ஓமஹா என்கிற சீட்டாட்டத்தில் அவள்தான் அவருக்குக் குரு. கோவையில் ஒரு பேக்கரிக்கு மேலே இருக்கிறது அவள் அறை. அங்கே காசு வைத்து ஆடக் கூடாது, புளியங்கொட்டைதான்.

“கூட ஆடற அந்த சௌந்தர் மறுபடியும் என்னை ஏய்ச்சுப்போட்டானுங்க டீச்சர். எடுத்த எடுப்பிலேயே மொத்தக் கொட்டையையும் முன்னால தள்ளறான். நான் மிரண்டுபோயி சீட்டைப் போட்டா, கையில ஒண்ணுமில்லைன்னு விரிச்சுக் காட்டிச் சிரிக்கறான். அவன் பொய்யை எப்படிங்க கண்டுபிடிக்கறது?”

“நீங்க எப்படிங்க சார் கண்டுபிடிப்பீங்க?”

“மூஞ்சியைப் பார்த்துத்தான். முப்பது வருச சர்வீசுங்க. இப்பக்கூட ஸ்டேசன்ல வேலாத்தான்னு ஒரு வீட்டுவேலைக்காரம்மா உக்காந்திருக்குது. வளையல் திருட்டு. கேட்டதும் கண்ணு தடுமாறுச்சு, அப்பவே முடிவு பண்ணிட்டேன். சாயங்காலம் கோர்ட்டு, அப்புறம் ஜெயிலு.”

வேறொருவராக இருந்தால் மீசையையும் முறுக்கியிருப்பார். இவருக்கு மீசை இல்லை.

பிரபாவதி சீட்டைக் கலைத்தாள்.

“இப்ப நான்தான் சௌந்தர். ஆடுங்க.”

ஆளுக்கு நாலு சீட்டு. நடுவே இருவருக்கும் பொதுவாக ஐந்து. கையிலிருந்து இரண்டு, நடுவிலிருந்து மூன்று எடுத்துச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். நடுவில் விழுந்ததில் மூன்று இஸ்பேட். கையிலிருந்த இரண்டும் நடுவிலிருந்த ஒன்றுமாகச் சுப்புராயனுக்கு மூன்று ஒன்பது சேர்ந்திருந்தது. நல்ல கைதான், ஆனால் ஐந்தும் ஒரே இனமாக வைத்திருப்பவரிடம் தோற்றுவிடும்.

பிரபாவதி தன் கொட்டை முழுவதையும் தள்ளினாள்.

“அஞ்சும் இஸ்பேட். அதுலயும் ஏஸ் என்கிட்ட. இதை அடிக்கச் சீட்டே கிடையாதுங்க.”

சுப்புராயன் அவள் கண்ணைப் பார்த்தார். உதட்டைப் பார்த்தார். கழுத்து நரம்பைக்கூட விடவில்லை. எதுவும் அசையவில்லை. பெருமூச்சு விட்டுச் சீட்டைக் கவிழ்த்துப் போட்டார்.

“நீங்க சொல்றது நிசமுங்க. சத்தியமா நிசம்.”

“என் சீட்டு எங்க கிடக்குது பாருங்க.”

போட்ட இடத்திலேயே கவிழ்ந்து கிடந்தது. அவள் அதைத் தொடவே இல்லை.

“பார்க்கவே இல்லீங்களா?” அவருக்குக் குரல் கீச்சென்று வந்தது.

அவள் நாலையும் திருப்பினாள். ஒன்றுகூட இஸ்பேட் இல்லை. சுப்புராயன் ஆடிப்போனார். இவ்வளவு பச்சைப் பொய்யை இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து அவர் கேட்டதே இல்லை.

“இப்படிச் சொன்னா எவனுங்க கண்டுபிடிப்பான்?”

“நீங்க கண்டுபிடிச்சிருக்கலாம்.”

அவர் கவிழ்த்த சீட்டுகளை அவளே ஒவ்வொன்றாகத் திருப்பினாள். ஒன்பது. ஒன்பது. ரெண்டு. கடைசியில் இஸ்பேட் ஏஸ்.

சுப்புராயனுக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. சீட்டுக்கட்டில் இருப்பதே ஒரே ஒரு இஸ்பேட் ஏஸ். அதைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, அது அவளிடம் இருப்பதாக நம்பிவிட்டார்! துணைக்கு இன்னொரு இஸ்பேட் இல்லாததால் உதவாத சீட்டு என்று அதை அப்போதே மறந்திருந்தார். வெட்கத்தில் காது சுட்டது.

“சை! நான் மனுசனே இல்லீங்க.”

பிரபாவதி சிரிக்கவில்லை.

“வளையல் காணாமப்போன அன்னிக்கு அந்த வேலாத்தாம்மா எங்கீங்க இருந்தாங்க?”

“மக பிரசவத்துக்குப் பெரியாஸ்பத்திரியில இருந்தேன்னுது. நம்ம ஏட்டும் போயி விசாரிச்சாருங்க. பகல் முச்சூடும் அங்கதான் இருந்துச்சுன்னு நர்சும்...”

பாதியில் நின்றுவிட்டார்.

“ஏட்டு எப்ப வந்து சொன்னாருங்க?”

“காலையிலேயே.”

“அவர் சொல்றப்ப நீங்க என்னங்க சார் பண்ணிட்டிருந்தீங்க?”

சுப்புராயன் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அதை எடுத்து நிறுத்தக்கூடத் தோன்றவில்லை அவருக்கு.

“அந்தம்மா மூஞ்சியைப் பார்த்துட்டிருந்தேனுங்க.”