ராஜாவின் கணக்குப் பரீட்சை

“தலையை ஆட்டாதே.”

“சரி வாத்தியாரே. கூத்தா, பரீட்சையா, எதை விடட்டும்? அதை மட்டும் சொல்லுங்க.”

“வாயையும் மூடு. கோடு கோணிரும்.”

கூத்து வாத்தியார் சடையன், இலக்கியாவின் இடது கன்னத்தில் சிவப்பு அரிதாரம் தீட்டிக்கொண்டிருந்தார்.

அந்த அரசு கலைப்பள்ளியில் அன்று இரண்டு மணிக்குக் கணக்குப் பரீட்சை. நாலரைக்குக் கூத்துப் போட்டி. அவள்தான் ராஜா. பரீட்சைக்குப் போனால் வேஷம் முடியாது. போகாவிட்டால் பெயில். ஏற்கெனவே இரண்டு, இது மூன்றாவதாகிவிடும். கூத்து இல்லாத பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள்.

பரீட்சை மணி அடித்தது.

வாத்தியார் கையை எடுத்தார்.

“பாதிதான் ஆச்சு” என்றாள்.

“ஆமா.”

கண்ணாடியைப் பார்த்தாள். ஒரு பக்கம் ராஜா. ஒரு பக்கம் பதினோராம் வகுப்பு.

“பாதி அது, பாதி இது. அதைத்தானே சொல்றீங்க?”

“இல்ல. மணி அடிச்சிருச்சு.”

“போகவா, இருக்கவா?”

“நான் ஏழாவதோட நின்னவன். என்கிட்ட கேக்கிறியே.”

தூரிகையைக் கழுவப் போய்விட்டார்.

அவள் எழுந்தாள். பிறகு ஓடினாள். ஏன் பரீட்சை அறைப் பக்கம் ஓடினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

வாசலில் கணக்கு டீச்சர் ஜெசிந்தா.

“யார்டி நீ?”

“இலக்கியா, டீச்சர்.”

டீச்சர் அவளுடைய அடையாள அட்டையைத் தூக்கிப் பார்த்தார். சிவப்புக் கன்னத்தைக் கையால் மறைத்துப் பார்த்தார்.

“ம். நீதான்.”

மறு கன்னத்தை மறைத்தார்.

“இது?”

“ராஜா, டீச்சர்.”

“ராஜாவாவது முப்பத்தஞ்சு எடுப்பாரா?”

உள்ளே பிள்ளைகள் சிரித்தார்கள்.

“டீச்சர், நீங்களாவது சொல்லுங்க. நான் எதை விடணும்?”

“கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுறாதே. அஞ்சு மார்க்.”

இதுவும் புரியவில்லை. போய் உட்கார்ந்தாள்.

அறையில் புழுக்கம். இரண்டாவது கணக்கில், வியர்வையில் கரைந்த அரிதாரம் ஒரு சிவப்புச் சொட்டாக விடைத்தாளில் விழுந்தது. தாளைத் துடைத்தாள். முகத்தைத் தொடவில்லை. தலையைச் சாய்த்துக்கொண்டு எழுதினாள்.

டீச்சர் எழுந்து வந்து அவள் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, கையிலிருந்த வருகைப் பதிவேட்டால் அந்தக் கன்னத்துக்கு விசிற ஆரம்பித்தார்.